எந்த அடுப்பைக் கேட்கிறாய்?

"ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டேன். பனையோலைப் பறியின் விளிம்பைப் பின்னிக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்தாமல், "எந்த அடுப்பக் கேக்குற பாப்பா?" என்றார். காதில் சரியாக விழவில்லை போலும் என்று எண்ணி, அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அவர் வாய் திறக்காமல் மூன்று குடிசைகளைத் தாடையால் சுட்டிக் காட்டினார். எனக்கு அவசரம். பொழுது சாய்வதற்குள் இன்னும் பதினோரு வீடுகளை முடித்தாக வேண்டும். படிவத்தில் 4 என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

இது நடந்தது 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, காவிரிப் படுகையின் வடகோடியில், சுரபுன்னைக் காடும் உப்பங்கழியும் கலக்கிற இடத்தில் இருக்கும் ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பு அது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்பது அங்குள்ளவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்து நஞ்சைக் குடும்பத்தில் பிறந்தவள். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் எங்கள் வயலுக்கு எலி பிடிக்க ஆள்கள் வருவார்கள். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய கிட்டிகளை வரப்போரம் வைப்பார்கள். வளைக்குள் புகை மூட்டி, மறுவாயில் கையால் எலியைப் பிடிப்பார்கள். வளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லை முறத்தில் அள்ளிப் புடைத்துத் தங்கள் கூலியோடு எடுத்துப் போவார்கள். எத்தனையோ ஆண்டுகள் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், மற்ற மாதங்களில் எதைச் சாப்பிடுகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பிற்காலத்தில் சமூகப்பணி படித்து, குடும்ப நலன் பற்றிய ஆய்வாளராக அதே மக்களிடம் போய் நின்றபோது, என் கையில் படிவம் இருந்தது. அவர்களைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லை.

அந்த மூன்று குடிசைகளைப் பற்றி நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். 'குடும்பம்' என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் இலக்கணம், பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் என்பது. எங்கள் படிவமும் அதையே கடன் வாங்கியிருந்தது. அந்தக் குடியிருப்பிலோ ஒரு பிள்ளை காலையில் பாட்டியின் அடுப்பில் கஞ்சி குடிக்கும். பகலில் பெரியம்மா வீட்டில் சாப்பிடும். அம்மா நீரிலிருந்து திரும்பி இறாலை விற்றுவிட்டு வந்து உலை வைக்கிற இரவில் அவள் பக்கத்தில் உட்காரும். எந்தப் பெண் எந்த நேரத்தில் கழிக்குள் இறங்குகிறாளோ அதைப் பொறுத்து, கரையில் நிற்கிறவளுடைய அடுப்பு அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்குமான அடுப்பு ஆகிறது. அவர்கள் தமக்குள் செய்துகொண்ட மிகக் கவனமான ஏற்பாடு அது. என் படிவத்தின் கட்டங்களுக்குள் அந்த ஏற்பாடு நுழையவே இல்லை. "தாய் வேலைக்குச் சென்றிருக்கும்போது குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் குடும்ப உறுப்பினர் யார்?" என்ற கேள்விக்கு வந்த விடைகளில் பெரும்பாலானவற்றை, அந்த ஆள் 'குடும்பத்துக்கு வெளியே' இருந்ததால், 'யாருமில்லை' என்று குறித்தேன். மூன்று நாள்களில் வேலை முடிந்தது. அறிக்கையில், "விடியலுக்கு முன்பே தாய்மார்கள் வெளியேறிவிடுவதால் சிறு குழந்தைகள் கவனிப்பின்றி விடப்படுகிறார்கள்" என்று ஒரு வரி எழுதினேன். எழுதும்போது எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் இருந்தது.

அந்த ஒரு வரி எத்தனை கைகள் மாறியது என்று எனக்குத் தெரியாது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு நலத்திட்டத்தின் சார்பில் சிலர் அந்தக் குடியிருப்புக்கு வந்திருக்கிறார்கள். கவனிப்பில்லாத பிள்ளைகளை விடுதியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, பெயர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள். தாய்மார்கள் இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சிலர் இரவோடிரவாகச் சீர்காழிப் பக்கத்து உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பிள்ளையும் விடுதிக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வாரக் கடனை அடைக்க அவர்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. 2018-இல் வேறு வேலையாக நான் அங்கே போனபோது அந்த ஆயா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அத எழுதுனது நீதானா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள இலகுவாக இருந்திருக்கும்.

பழங்குடிகளை அளப்பதற்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு பெரும் தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீள அகலத்தையும் மண்டையின் சுற்றளவையும் கருவி வைத்து அளந்தவர் அவர். அளக்கப்பட்டவர்களிடம் அந்தக் கணக்கு திரும்பிப் போனதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, யாரைப் பழங்குடியினராகக் கொள்வது என்று முடிவு செய்ய 1965-இல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களைக் குறித்தது. அவற்றில் ஒன்று, பிற சமூகத்தாரோடு பழகக் கூச்சப்படுதல். நான் படித்த ஆய்வுகளில் பல, "மக்கள் பேசத் தயங்கினார்கள்" என்பதை ஆய்வின் குறைபாடுகளில் ஒன்றாகக் கடைசிப் பக்கத்தில் பதிவு செய்திருக்கும். நானும் அப்படி எழுதியவள். வந்தவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டு போனார்கள், எண்ணிய பிறகு ஏதோ ஒன்று தங்கள் தலையில் விழுந்தது என்று இரண்டு தலைமுறையாகப் பார்த்தவர்கள் தயங்குவதைக் கூச்சம் என்று அழைப்பது எனக்கு இப்போது பெரிய பிழையாகப் படுகிறது. அந்தத் தயக்கம் அனுபவத்திலிருந்து வந்த அறிவு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனை பேர் எண்ணிக்கொண்டு போனார்கள் என்பதை அந்தப் பெண்கள் இன்னமும் ஒவ்வொருவராக நினைவு வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அணிந்திருந்த சட்டையின் நிறம் வரைக்கும்.

2019-இல் மறுபடியும் அங்கே போக அனுமதி கேட்டேன். இம்முறை படிவம் எடுத்துப் போகவில்லை. "என்ன செய்யப் போற?" என்றார்கள். "நீங்கள் கேட்கச் சொல்வதைக் கேட்கிறேன், எழுதியதை உங்களிடம் படித்துக் காட்டாமல் வெளியே அனுப்ப மாட்டேன்" என்றேன். "மொதல்ல தண்ணியில எறங்கு" என்றாள் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி. அதையே என் முதல் ஆய்வு அனுமதியாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, குத்துக்காலிட்ட நிலையில் மெல்ல நகர்ந்துகொண்டே, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அகப்பட்ட இறாலை நிமிராமலே அதற்குள் போடுவார்கள். வாயில் பறி இருப்பதால் ஐந்தாறு மணி நேரம் பேச்சே கிடையாது. கிளிஞ்சலும் பாறையில் ஒட்டிய சிப்பியும் விரல் நுனிகளைக் கிழித்துக்கொண்டே இருக்கும். கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்கு இரவு முழுக்கக் கடுப்பு. என் கைக்கு மூன்று மணி நேரத்தில் இரண்டு இறால் அகப்பட்டன. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். சேற்றின் மேல் அவை அழுந்தவே இல்லை. தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. சேறு கலங்கினால் இறால் ஓடிவிடும் என்று கரைக்கு வந்தபின் சொன்னாள். அவளுடைய கட்டைவிரல் ரேகைகள் அனேகமாகத் தேய்ந்து போயிருந்தன. நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக் கருவி அவளை அவளாக ஏற்றுக்கொள்ள மறுக்கும் நாள்கள் உண்டு. எங்கள் படிவத்தில் 'தொழில் சார்ந்த உடல்நலக் குறைபாடு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இதை எங்கே எழுதுவது?

அந்த ஒரு பருவம் முழுவதும் நான் எதையும் குறிக்கவில்லை. நிதி கொடுத்தவர்களுக்கு அது விளங்கவில்லை. காலாண்டுக்கு ஓர் அறிக்கை என்பது அவர்கள் ஒழுங்கு. "முதல் காலாண்டில் பழகினேன்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று என் மேலாளர் கேட்டார். அதையே எழுதினோம்; இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். இவ்வகை ஆய்வுகளில் நம்பிக்கைக்குக் காலம் ஒதுக்காமல் தரவுக்கு மட்டும் காலம் ஒதுக்குவது, விதைநெல்லுக்குப் பணம் ஒதுக்காமல் அறுவடைக்கு ஆள் பேசுவது போன்றது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஐந்து பெண்களும் இரண்டு ஆண்களும் சேர்ந்த ஒரு குழு அமைந்தது. எப்போது கூடுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றம் நன்றாக இறங்கும்; அப்போது இறால் வேட்டையை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் நீர் பெரிதாக ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. அந்நாள்களில் கையால் துழாவிப் பெரிய பலன் இல்லை. ஆகவே ஊரார் நல்ல காரியம் எதையும் தொடங்காத அட்டமி நாள்தான் எங்கள் கூட்ட நாள். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அரைநாள் கூலி தர வேண்டும் என்று திட்டச் செலவில் சேர்த்தோம். 'பங்கேற்பாளர்களுக்குப் பணம் தருவது விடைகளைப் பாதிக்கும்' என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். என் நேரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்கள் நேரத்தை இலவசமாக வாங்குவதும் விடைகளைப் பாதிக்கத்தான் செய்யும் என்று பதில் எழுதினேன்.

கூட்டத்தில் முதல் காரியமாக, பிற நாடுகளில் இப்படிப்பட்ட ஆய்வுகள் என்னென்ன தீங்கு செய்திருக்கின்றன என்று அவர்களுக்குச் சொன்னேன். ஆபத்து என்னவென்று தெரியாதவர்களிடம் வாங்குகிற சம்மதத்துக்குப் பொருளில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்களின் கதையைத்தான் அவர்கள் ஆழ்ந்து கேட்டார்கள். அந்த மக்களிடையே நீரிழிவு நோய் மிகுந்திருந்தது. அதற்கு வழி காண்பதாகச் சொல்லி, 1990-இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். அதே இரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயைப் பற்றியும், உறவுக்குள் மணப்பதைப் பற்றியும், அந்த மக்கள் ஆதியில் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. 2003-இல், பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் உரையைக் கேட்கப்போன அம்மக்களில் ஒரு பெண்ணின் வழியாகத்தான் விஷயம் வெளிப்பட்டது. வழக்கு நடந்து 2010-இல் சமரசம் ஏற்பட்டு, 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. மிச்சமிருந்த இரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. இதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஆயா கேட்டார்: "ரத்தத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீ எழுதுன எழுத்த எப்புடித் திருப்பிக் குடுப்ப?"

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான் எங்கள் விதிகள் எல்லாம். ஊர்ப்பெயர் வராது. எழுதிய நோட்டுகளின் மூலப்படி ஊரிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். சாவி குழுவில் இருவரிடம் மாறி மாறி இருக்கும். என்னிடம் இருப்பது நகல். ஒருவர் சொன்னதைத் திரும்பப் பெற விரும்பினால், எந்த நாளிலும் வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம். காரணம் கேட்கக் கூடாது. அப்படி இதுவரை நான்கு பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று என் பார்வையில் முழு ஆய்விலேயே மிக முக்கியமான பக்கம். கிழித்ததை நான் என் நகலிலிருந்தும் அழித்தேன். அதில் இருந்ததை இங்கேயும் சொல்ல மாட்டேன். 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்காக ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, உரிய நடைமுறை என்று அதன் அடிப்படைகள் ஐந்து. எங்கள் குழுவினர் அதைக் கேள்விப்படுவதற்கு முன்பே, தங்கள் சொற்களில் அனேகமாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், சமூகத் தலைவரின் அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் களத்தில் நடப்பது வேறு. ஊர்ப் பெரியவர் தலையாட்டினால் போதும்; பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கைநாட்டு தானாக விழுந்துவிடும். நாங்கள் சம்மதம் கேட்கப் போனபோது, ஒரு இளம்பெண் "எனக்கு வேணாங்க்கா" என்றாள். உடனிருந்த பெரியவர் அவளை அதட்டப் போனார். "வேண்டாம் ஐயா, அவளும் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாள்" என்று தடுத்தேன். ஆறு மாதம் கழித்து அவளாகவே கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். இன்றுவரை நேர்காணல் தரவில்லை. கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறாள்.

'குடும்ப நலன்' என்ற சொல்லை அவர்கள் முன்னால் வைத்தபோது முதலில் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கிற, கருத்தடை சம்பந்தப்பட்ட சொல். "சரி, ஒரு குடும்பம் நல்லா இருக்குன்னு எத வச்சுச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். வருமானம் என்றோ வீடு என்றோ யாரும் ஆரம்பிக்கவில்லை. "பள்ளிக்கூடம் போன புள்ள பையத் தூக்கிப் போட்டுட்டு 'பசிக்குது'ன்னு கத்துனா நல்லா இருக்கோம். சத்தமில்லாம வந்து படுத்தா ஏதோ நடந்திருக்கு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் ஆமோதித்தார்கள். "உப்பு இல்லன்னா பக்கத்து வூட்டுல கேக்கக் கூச்சம் இருக்கக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. "எறா வாங்குறவரு பேரச் சொல்லிக் கூப்புடணும்" என்றார் ஆண்களில் ஒருவர். அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த சொல்தான் அது. எங்கள் வயல் வரப்பில் நின்று நான் சிறு வயதில் கேட்ட அதே சொல்.

அவர்கள் சொன்னதையெல்லாம் வைத்து ஒரு கேள்வித்தாளை உருவாக்க எங்களுக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. இதில் ஒரு சிறிய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படுகிற 9 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள்கள் இப்படி உணர்ந்தீர்கள் என்று அது கேட்கும். அதைக் குழுவில் படித்துக் காட்டியபோது ஆயா குறுக்கிட்டார். இரண்டு வாரம் என்பது ஒரு பெருவற்றமும் ஒரு அட்டமியும் சேர்ந்தது. கை நிறையக் காசு வரும் நாள்களும், வட்டிக்கு வாங்கித் தின்னும் நாள்களும் அதற்குள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதைச் சொல்வது என்றார். எந்தப் பாடத்திலும் இதை நான் படித்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொரு குடும்பத்திடமும் இருமுறை கேட்டோம், வற்றக் காலத்தில் ஒருமுறை, அட்டமியை ஒட்டி ஒருமுறை. ஒரே பெண் சொன்ன இரண்டு விடைகளும் இரண்டு வேறு மனிதர்கள் சொன்னவைபோல் இருந்தன. தூக்கமின்மை என்று நாங்கள் குறித்ததில் எவ்வளவு நோய், எவ்வளவு கடன் என்பது அப்போதுதான் பிரிந்து தெரிந்தது.

சமூகத்தோடு சேர்ந்து செய்கிற ஆய்வு என்றதும், சமூகம் ஒரே குரலில் பேசும் என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படி இல்லை. குடிப்பழக்கத்தைக் கேள்வித்தாளில் சேர்க்க வேண்டும் என்று ஐந்து பெண்களும் ஒரே பிடியாக நின்றார்கள். வேண்டாம் என்றார்கள் ஆண்கள் இருவரும்; ஊரைப் பற்றி வெளியார் ஏற்கெனவே பேசுகிற பேச்சுக்கு நாமே எண்ணிக்கை எடுத்துக் கொடுப்பதா என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. ஆனாலும் என் மனம் பெண்கள் பக்கம் இருந்தது என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னேன். நடுநிலை என்ற பெயரில் பேசாமல் இருப்பது அங்கே ஆண்கள் பக்கம் நிற்பதாகவே ஆகியிருக்கும். மூன்று அட்டமிகள் இதே பேச்சு நடந்தது. கடைசியில் பெண்களே ஒரு வழி சொன்னார்கள். யார் குடிக்கிறார், எத்தனை நாள் குடிக்கிறார் என்று கேட்பதில்லை; இறால் விற்ற காசு வீடு வந்து சேரும் வழியில் எங்கெங்கே நின்றது என்று கேட்பது. அதில் மதுக்கடையும் வந்தது, வட்டிக்காரரும் வந்தார், எடையில் ஏமாற்றுகிற தராசும் வந்தது. ஆண்களும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றிப் பெண்கள் சொன்னவை தனி நோட்டில் இருக்கின்றன. காவல்துறை ஊருக்குள் வருவதை அவர்கள் விரும்பாததால், அதை அதிகாரிகளுக்குப் போகும் அறிக்கையில் சேர்க்கவில்லை. ஒரு பெண் மருத்துவரும் ஒரு சட்ட உதவி வழக்கறிஞரும் மாதம் ஒருமுறை வருவதற்கு ஏற்பாடு செய்துகொண்டோம். இது போதுமா என்றால், போதாது என்றே சொல்வேன்.

விடைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான குடும்பங்களின் கவலைகள் வந்து முட்டி நின்ற இடம் ஒரு காகிதம். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழ். மற்ற பிரிவினரைப்போல வட்டாட்சியரிடம் இதை வாங்க முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வழங்க வேண்டும். பெற்றோரின் சான்றிதழ் கேட்பார்கள், பெற்றோருக்கு இருக்காது. பட்டா கேட்பார்கள்; குடியிருப்பதே புறம்போக்கில். பள்ளிப் பதிவேட்டில் தாத்தா பெயர் கேட்பார்கள். தாத்தா பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர். அவர்களுக்கான இட ஒதுக்கீடு 1 விழுக்காடு. அந்த ஒன்றுக்குள் நுழைவதற்கான சீட்டு இல்லாமல், பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளை உதவித்தொகையும் இடமும் கிடைக்காமல் திரும்பி வந்து பறியை வாயில் கவ்விக்கொள்கிறது. அதைப் பார்த்து அடுத்த பிள்ளை எட்டாவதிலேயே நின்றுவிடுகிறது. தாயின் தூக்கமின்மை என்று நாங்கள் குறித்தவற்றில் பலவற்றின் வேர் இங்கேதான் இருந்தது. மனநல ஆலோசகர் எத்தனை முறை வந்தாலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கும் விண்ணப்பம் நகராது. ஆகவே ஆய்வின் இரண்டாம் கட்டத்தை அப்படியே விண்ணப்பம் எழுதும் வேலையாக மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். 'இது ஆய்வல்ல, சேவை' என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் சொன்னார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் எந்த மேசையில், எந்தக் காகிதத்துக்காக, எத்தனை நாள் நின்றது என்று ஊர்ப் பிள்ளைகளே பதிந்து வைத்திருக்கும் நோட்டைப்போலத் தெளிவான தரவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேட்டூர் அணையின் திறப்பு ஜூன் 12 என்று வழக்கமாகச் சொல்வோம். அந்த நீர் கல்லணை தாண்டி, ஆறாக, வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பது டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ்களும் அப்படித்தான் வருகின்றன. இதுவரை சில வந்திருக்கின்றன. பல இன்னும் வழியில்.

சென்ற அட்டமிக் கூட்டத்தில், 2016-ஆம் ஆண்டின் பழைய படிவத்தின் நகலை எடுத்துப் போய், ஆயாவின் பக்கத்தைத் திறந்து, "இதைக் கிழிக்கணுமா ஆயா?" என்று கேட்டேன். "வேணாம். இருக்கட்டும்" என்றார். நாங்கள் இப்போது குடும்பத்தைக் கட்டத்தில் எழுதுவதில்லை, வரைகிறோம். அடுப்புகளை வட்டமாகப் போட்டு, எந்தப் பிள்ளை எந்த வேளையில் எந்த அடுப்புக்குப் போகிறது என்று கோடு இழுக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்திதான் எல்லாவற்றையும் வரைகிறாள். ஆயாவின் படத்தை அவள் விரித்துக் காட்டினாள். மூன்று வட்டங்கள், ஏழெட்டுக் கோடுகள். ஆயா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். போன தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் ஆகி, பக்கத்திலேயே குடிசை போட்டிருக்கிறார்களாம். "இப்ப நாலு" என்று சொல்லி, பென்சிலை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.